மான்ஸ்டெராவுக்குத் தேங்காய் மட்டைச் சில்லு: வாங்கலாம், ஆனால் கழுவாமல் போடாதீர்கள்

பெரிய இலைச் செடிக்குத் தொட்டி மாற்ற நினைப்பவர்கள் வழக்கம்போல் கோகோ பீட் எனும் தேங்காய் நார்த்தூள் கட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன்னால், அதன் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருக்கும் மட்டைச் சில்லுக் கட்டியையும் எடுத்துப் பாருங்கள். கோவையில் எங்கள் வீட்டுக்கு அருகே உள்ள நர்சரியில் ஐந்து கிலோ கட்டி 390 ரூபாய்க்கு வாங்கினேன். பொள்ளாச்சிப் பக்கத்து ஆலைத் தயாரிப்பு. பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறை ஒரு நிறுவனத்தோடு முடிகிற விஷயமல்ல. வரவேற்பறையின் கிழக்கு ஜன்னலோரம் வளரும் எங்கள் மான்ஸ்டெரா இப்போது இந்தச் சில்லில்தான் நிற்கிறது. செடிக்கு இது பிடித்துவிட்டது என்று உறுதியாகச் சொல்வேன்.

மான்ஸ்டெரா சேம்புக் குடும்பத்துச் செடி. ஆனால் சேம்பைப்போல் ஈரச் சேற்றில் காலூன்றி வாழ்வதல்ல. தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரையுள்ள மழைக்காடுகளில் மரத்தைப் பற்றி ஏறும் கொடி அது. அங்கே அதன் வேர்கள் மரப்பட்டையையும் உதிர்ந்த இலை மக்கையும் பற்றிக்கொண்டு, ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடத்தில் வாழ்கின்றன. நாம் என்ன செய்கிறோம்? செம்மண்ணை அழுத்தி நிரப்பி, தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறோம். மண்ணின் இடுக்குகளில் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேருக்குக் காற்று கிடைக்காது. மூச்சுத் திணறிய வேரில் அழுகல் புகுந்துவிடும். இலை மஞ்சளாவதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள். எத்தனை வீடுகளில் இப்படிப் பார்த்துவிட்டேன்!

எங்கள் செடியைப் பழைய பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுத்தபோது, வெளிச்சுற்றில் வேர்கள் தொட்டியின் வடிவத்திலேயே வளையம் வளையமாகச் சுற்றியிருந்தன. அவற்றை விரலால் பிரித்துக்கொண்டே உள்ளே போனால், நட்ட நடுவில் இரண்டு கைக்குள் அடங்காத ஒரு செம்மண் கட்டி. நர்சரிப் பையிலிருந்து வந்த மண் அது. வெளியே கலவை காய்ந்திருக்க, அந்தக் கட்டி மட்டும் சில்லென்று ஈரமாக இருந்தது. அதை ஒட்டியிருந்த வேர்களை இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. ஓரத்தில் காற்றுப் பட்ட வேர்களோ கெட்டியாக, நுனி வெள்ளையாக இருந்தன. ஒரே செடி, ஒரே தண்ணீர். காற்று இருந்த இடத்து வேர் பிழைத்திருக்கிறது. குழாயைத் திறந்து அந்த மண் கட்டியை முழுவதும் கரைத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்கினேன். அழுகியவற்றை நறுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சாற்றில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால் தோல் அரிக்கும். நாயோ பூனையோ குழந்தையோ கடித்துவிடாமல் துண்டுகளை உடனே அப்புறப்படுத்துவது நல்லது.

இனி சில்லு. அரை அங்குலத் துண்டுகளாக வெட்டிய மட்டை; துண்டு தன்னுள் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் காற்று நிற்கிறது. மான்ஸ்டெராவுக்கு வேண்டியது இவ்வளவுதான். கோகோ பீட்டை மட்டும் நிரப்பினால் நாளடைவில் அமுங்கி, செம்மண் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்யும். சில்லு அதைவிட மெதுவாகவே மட்கும்.

குறை எங்கே என்றால், உப்பில். உறையில் ‘கழுவப்பட்டது’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஊறவைத்த முதல் தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் இறங்கியது. நிறம்கூடப் பெரிதில்லை, தேங்காய் மட்டையில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் உண்டு. உவர்நீரில் ஊறிய மட்டையென்றால் கேட்கவே வேண்டாம். அந்த உப்பு வேரின் நுனியைக் கருக்கும். இலை விளிம்பு பழுப்பாகக் காய்வதில் அது வெளியே தெரியும். நான் தண்ணீர் தெளியும்வரை அலசி, உரக்கடையில் கிடைக்கும் கால்சியம் நைட்ரேட்டைச் சிறிதளவு கரைத்து ஒரு இரவு ஊறவிட்டு, மறுபடியும் அலசினேன். கால்சியம் போய் ஒட்டிக்கொண்டால் சோடியம் பிடிவிட்டு வெளியேறும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இதற்கு ஆகும் தண்ணீரை நினைத்தால் மனம் பொறுக்காது. அலசிய நீரைக் கீழே தென்னை மரத்துக்கு ஊற்றச் சொல்லிவிட்டேன். தென்னை அந்த உப்பைத் தாங்கும்.

இன்னொன்று, சில்லில் சத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மட்டையில் நாரோடு சேர்ந்திருக்கும் தூளான நார்க்கழிவில் கரிச்சத்து, நைட்ரஜனைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. அது மட்கும்போது செடிக்குப் போக வேண்டிய நைட்ரஜனையே நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். எங்கள் ஊர் வேளாண் பல்கலைக்கழகம் நார்க்கழிவை உரமாக்கச் சிப்பிக் காளான் வித்தோடு யூரியாவும் சேர்க்கச் சொல்வது இதனால்தான். ஆகவே ஐந்து பங்கு சில்லுக்கு இரண்டு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு கோகோ பீட், ஒரு பங்கு உடைத்த அடுப்புக்கரி, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு என்று கலந்தேன். 12 அங்குலத் தொட்டி நிரம்பிய பிறகும் பாதிக் கட்டிக்கு மேல் மிச்சம். பழையது 10 அங்குலம். ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்குத் தாவாதீர்கள். வேர் எட்டாத இடத்தில் ஈரம் தேங்கிப்போகும்.

“மண்ணே போடாமல் இவ்வளவு பெரிய செடி எப்படியம்மா நிற்கும்?” என்று அத்தை கேட்டார். சரியான கேள்வி. சில்லுக் கலவை எடையே இல்லாதது. இலையெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்த செடியைப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்தால் ஒருநாள் கவிழ்ந்துவிடும். அதனால் கனமான சுட்ட மண் தொட்டி வாங்கினேன். நார் சுற்றிய கம்பத்தை முதலில் அடிவரை நட்டு, காற்று வேர் புறப்படும் பக்கம் கம்பத்தைப் பார்க்கும்படி செடியைத் திருப்பி, தண்டை மட்டும் கட்டினோம். இலைக்காம்பைச் சேர்த்துக் கட்டினால் புது இலை திரும்ப வழியில்லாமல் காம்பு முறியும்.

மேலே சில்லு சீக்கிரம் காய்ந்து போவதைப் பார்த்து ஏமாந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு ஈர்க்குச்சியை அடிவரை செருகி எடுத்துப் பார்ப்பேன். ஈரம் ஒட்டியிருந்தால் விட்டுவிடுவேன். தொட்டி மாற்றியபின் கீழே ஒரு பழைய இலை மஞ்சளாகி விழுந்தது. அதன் பிறகு வந்த புது இலை சுருள் விரியும்போதே நடு நரம்பையொட்டிச் சின்னத் துளைகளோடு வந்தது. முந்தைய இலைகளில் விளிம்புப் பிளவுகள் மட்டும்தான் இருந்தன.

விலைக்கு நல்ல பொருள். கட்டியின் அடியில் தூள் கொஞ்சம் அதிகம். சல்லடையில் சலித்தால் சரியாகிவிடும். உப்பு விஷயத்தை மட்டும் ஆலைக்காரர்கள் சரிசெய்ய வேண்டும். ஏற்றுமதிச் சரக்குக்கு, உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்து அளவு (EC) 0.5-க்குக் கீழே என்று சோதித்து எழுதித் தருகிறார்கள். அதே எண்ணை உள்ளூர்க் கட்டியின் உறையிலும் அச்சிட்டால், யார் எத்தனை முறை அலச வேண்டும் என்று வாங்கும்போதே தெரிந்துவிடும். நர்சரிக்காரரிடம் இதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்; வாங்குகிற நீங்களும் கேளுங்கள்.