இன்டர்ஃபெரான் முடிந்தபின் மனச்சோர்வு மாத்திரை: ஊசியோடு நிறுத்துவதா, கொஞ்ச காலம் தொடர்வதா?

2013-இல் ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் நோய்க்காக எனக்கு 24 வாரம் இன்டர்ஃபெரான் போட்டார்கள். வைரஸை எதிர்க்கும் ஊசி மருந்து அது, மனச்சோர்வையும் கிளப்பக்கூடியது. வாரம் ஒரு ஊசி, தினமும் ரிபாவிரின் மாத்திரை. பத்தாவது வாரத்தில் சாப்பாடு கசந்தது, பேச்சு குறைந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். அதன்பிறகு தூக்கமே கிடையாது. மனநல மருத்துவர் எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை 10 மி.கி. எழுதிக்கொடுத்தார். ஒரு மாதத்தில் ஓரளவு தேறினேன், ஊசியையும் முழுதாகப் போட்டு முடித்தேன். கடைசி ஊசி போட்ட வாரம்தான் இந்தக் கேள்வி வந்தது: இனி இந்த மாத்திரையை என்ன செய்வது?

“ஊசிதான் நின்னுடுச்சேக்கா, அப்புறம் எதுக்கு இது?” என்றாள் தங்கை. அவள் கேட்டதில் நியாயம் உண்டு. இன்டர்ஃபெரான் உடலில் அழற்சியைக் கிளப்புகிறது. மனநிலையைச் சீராக வைக்க உதவும் செரட்டோனினாக மாற வேண்டிய டிரிப்டோஃபான் என்ற சத்தை வேறு பாதையில் திருப்பிவிடுகிறது. மருந்து நின்றால் இதுவும் அடங்கும். பலருக்குச் சில வாரங்களிலேயே மனம் தெளிந்துவிடுகிறது. மாத்திரைச் செலவு, பக்கவிளைவு எல்லாம் மிச்சம். கல்லீரல் சுருங்கி, உணவுக்குழாய் இரத்த நாளங்கள் புடைத்திருப்பவர்களுக்கு இந்த வகை மாத்திரை இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டலாம் என்பதால் அவர்களுக்குக் கணக்கே வேறு. எனக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் நிறுத்துவதானாலும் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. தலைசுற்றல், ஷாக் அடித்த மாதிரி உணர்வு, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வரக்கூடும். நோய்தான் திரும்பிவிட்டதோ என்று பயந்துபோவோம்.

நான் தொடர்வதைத் தேர்ந்தெடுத்தேன். ஊசி முடிந்து ஒன்பது மாதம் 10 மி.கி., பிறகு இரண்டு மாதம் 5 மி.கி., அதன்பின் நிறுத்தம். அன்றைக்கு மருத்துவர் சொன்னதை நம்பி எடுத்த முடிவு. 2017-இல் தைவானில் தேசிய காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. ஊசிக்காலத்தில் மனச்சோர்வு வந்தவர்களுக்கு, சிகிச்சை முடிந்த பிறகும் அது திரும்ப வருவது, ஊசிக்காலத்தில் மனச்சோர்வே வராதவர்களோடு ஒப்பிட்டால் பல மடங்கு அதிகம் என்றது. ஊசியால் வந்தது ஊசியோடு போய்விடும் என்று நம்பியிருந்த என்னைப் போன்றவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

மாத்திரையைத் தொடர்ந்தால் திரும்ப வராது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். 2001-இல், இன்டர்ஃபெரான் போட்டுக்கொண்ட மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகள் 40 பேரிடம் செய்த சோதனையில், இதே வகை மாத்திரையான பரோக்சிடின் எடுத்தவர்களில் 11 சதவீதத்தினருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 45 சதவீதத்தினருக்கும் கடும் மனச்சோர்வு வந்தது. நல்ல பலன்தான். ஆனால் அது ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்துக் கணக்கு.

என் வரையில் தராசைச் சாய்த்தது மாத்திரையின் வலிமை இல்லை, மாத்திரைக்காக மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்ததுதான். ஊசி முடிந்து ஆறு மாதத்தில் இரத்தத்தில் வைரஸ் இல்லை என்று வந்தது. கல்லீரல் மருத்துவர் வாழ்த்தி அனுப்பினார், ஃபைல் மூடியது. மாத்திரையையும் ஊசியோடு நிறுத்தியிருந்தால் அதற்குப் பிறகு என் மனதைப் பற்றிக் கேட்க ஒரு மருத்துவரும் இருந்திருக்கமாட்டார். சீட்டு வாங்கப் போனதால்தான் மாதாமாதம் ஒருவர் என் முகத்தைப் பார்த்தார். முதலில் தூக்கத்தைக் கேட்பார், அப்புறம் “வீட்டில் சமையல் யார்?” என்பார். நான்காவது மாதம் சோர்வும் மந்தமும் கூடியபோது மாத்திரையைக் கூட்டாமல் தைராய்டு பரிசோதனைக்கு எழுதினார். தைராய்டு மந்தமானால் ஏறும் டி.எஸ்.ஹெச். அளவு ஏறியிருந்தது. இன்டர்ஃபெரான் தைராய்டையும் பாதிக்கும், ஊசி முடிந்த பின்னும் அது வெளிப்படலாம், பார்வைக்கு மனச்சோர்வு போலவே இருக்கும். தைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை தொடங்கியபின் எழுந்து நடமாடினேன். மற்ற வழியில் போயிருந்தால் இதைக் கண்டுபிடிக்க எத்தனை மாதம் ஆகியிருக்குமோ.

2018-இல் அம்மா இறந்த பிறகு மனச்சோர்வு திரும்ப வந்தது. ஆக, தொடர்ந்து சாப்பிட்டதால் தப்பித்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த முறை இரண்டாவது வாரமே, “மூணு மணிக்கு எழுந்து உக்காந்திருக்கியே, டாக்டரைப் பாப்பமா?” என்றார் கணவர். மருத்துவரின் எண் கைபேசியிலேயே இருந்தது, என் பழைய சீட்டு அவரிடம் இருந்தது. இரண்டாம் முறை என்பதால் இரண்டு ஆண்டு சாப்பிடச் சொன்னார், சாப்பிட்டேன்.

இன்று ஹெபடைடிஸ் சி-க்கு இன்டர்ஃபெரான் தேவைப்படுவதே அரிது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் சோஃபோஸ்புவிர், டக்ளடஸ்விர் மாத்திரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பெரும்பாலோருக்கு 12 வாரம் போதும். ஹெபடைடிஸ் பி, டி, சில இரத்த நோய்களுக்கு ஊசி போடுகிறவர்களுக்கும், என்னைப் போல் அன்று போட்டுக்கொண்டவர்களுக்கும்தான் இந்த அலசல். ஊசியோடு நிறுத்தத்தான் போகிறீர்கள் என்றால் மருத்துவர் சொல்படி படிப்படியாக நிறுத்துங்கள். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அவரைப் பார்க்க இப்போதே தேதி வாங்கிவையுங்கள், தைராய்டு பரிசோதனையும் அதோடு சேரட்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் அந்தத் தேதிவரை காத்திருக்கவே வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் அழைக்கலாம்.

மூன்று மணி விழிப்பு இரண்டு இரவு தொடர்ந்து வந்தால், சமையலறை காலண்டரில் கணவர் இப்போதும் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கிறார். இந்த மாதம் ஒன்றுகூட இல்லை.