1969 குடியரசுத் தலைவர் தேர்தல்: சிண்டிகேட்டின் கணக்கும் இந்திராவின் கணக்கும்

1969 மே மாதம் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். அடுத்தவர் யார் என்ற கேள்வியில் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. சென்னையில் இந்தக் கதையை எடுத்தாலே பேச்சு காமராஜரிடம்தான் போய் நிற்கும். அவர் மீதுள்ள மரியாதையைத் தள்ளி வைத்துவிட்டு, இரு தரப்பு வியூகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல நாளாக எண்ணம்.

சிண்டிகேட், அதாவது காங்கிரஸ் அமைப்பைக் கையில் வைத்திருந்த மூத்த தலைவர்களின் அணி, நம்பியது கட்சி அமைப்பை. கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, காமராஜர், எஸ்.கே. பாட்டீல் எல்லாரும் அந்தப் பக்கம். பெங்களூரில் கட்சியின் நாடாளுமன்றக் குழு பெரும்பான்மையோடு நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தெடுத்தது. இந்திரா முன்வைத்த ஜெகஜீவன் ராம் பெயர் எடுபடவில்லை. கட்சி முறைப்படி இது சரியான முடிவுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் குடியரசுத் தலைவர் தேர்தல் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போடும் ரகசிய வாக்கெடுப்பு. கொறடா உத்தரவு இங்கே செல்லாது. குழுவில் ஜெயித்தவர்கள், எம்.எல்.ஏ.க்களின் மனதையும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

இந்திரா நம்பியது கட்சிக்கு வெளியே இருந்த அலையை. ஜூலை 16 அன்று மொரார்ஜியிடமிருந்து நிதித்துறையைப் பறித்தார். 19 அன்று 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கினார். சுயேச்சையாக நின்ற வி.வி. கிரி, ஒரே வாரத்தில் ஏழைகள் பக்கத்து வேட்பாளர் ஆகிவிட்டார். கடைசியில் வந்தது 'மனசாட்சிப்படி வாக்களியுங்கள்' என்ற அழைப்பு. வியூகம் என்ற அளவில் அபாரம். ஆனால் ரெட்டியின் வேட்புமனுவில் கையெழுத்துப் போட்டதும் இந்திராதான். அதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

சிண்டிகேட்டின் இன்னொரு நகர்வைத்தான் பலரும் தவறாக எடைபோடுகிறார்கள். சி.டி. தேஷ்முக்கை நிறுத்திய சுதந்திராக் கட்சி, ஜனசங்கத் தலைவர்களிடம் நிஜலிங்கப்பா பேசினார். ரெட்டிக்கு இரண்டாம் விருப்ப வாக்கு வேண்டும் என்பது நோக்கம்; அதாவது, முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால், தேஷ்முக்குக்கு விழுந்த வாக்குகள் அடுத்த விருப்பமாகக் குறிக்கப்பட்டவருக்குப் போகும். அதனால்தான் தோற்றார்கள் என்பது வழக்கமான வாதம். எண்ணிக்கையைப் பாருங்கள். முதல் சுற்றில் கிரி 4,01,515; ரெட்டி 3,13,548. முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. இரண்டாம் விருப்பத்தில் ரெட்டிக்கு 91,000க்கு மேல் கூடியது, கிரிக்கு 18,000 சொச்சம்தான். அந்தப் பேச்சுவார்த்தை எண்ணிக்கையில் பலித்தது. ஆனால் 'வலதுசாரிகளோடு கைகோத்துவிட்டார்கள்' என்று சொல்ல இந்திராவுக்கு வாய்ப்பும் கொடுத்தது. சொந்தக் கட்சிக்காரர்களின் வாக்கு கசிந்த இடம் அதுதான்.

சரி, தமிழ்நாடு என்ன செய்தது? அண்ணா மறைந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கருணாநிதி புது முதல்வர். 1967ல் கூட்டணியில் இருந்த ராஜாஜியின் சுதந்திராக் கட்சி தேஷ்முக் பக்கம் நின்றது. திமுக கிரியை ஆதரித்தது. கிரி இங்கே அந்நியர் இல்லை: 1937ல் ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர். கிரி ஜெயித்த வித்தியாசம் 14,650. இந்தத் தேர்தலில் ஒருவரின் வாக்கு ஒன்றாக எண்ணப்படாது, அதற்கென ஒரு மதிப்பு உண்டு; ஒரு எம்.பி.யின் வாக்கு மதிப்பு அப்போது 576. திமுகவின் 25 மக்களவை உறுப்பினர்களுக்கு மட்டும் 14,400 வருகிறது. கோட்டையில் இருந்த அவர்களின் எம்.எல்.ஏ.க்களைச் சேர்த்தால் வித்தியாசத்தை எளிதாகத் தாண்டிவிடும். இந்திராவின் வெற்றியில் சென்னைக்கு இருந்த பங்கு அவ்வளவு பெரியது.

எந்த வியூகம் மேல்? அந்த ஆகஸ்ட் மாதத்துக்கு மட்டும் என்றால் இந்திராவுடையதுதான். தமிழ்நாட்டு காங்கிரஸ்காரனின் கண்ணால் பார்த்தால் இரண்டுமே நஷ்டம். 1971ல் இந்திராவின் காங்கிரஸ் திமுகவோடு சேர்ந்து, சட்டமன்றத்துக்கு ஒரு தொகுதியில்கூட நிற்கவில்லை. காமராஜர் ராஜாஜியோடு கைகோத்துப் போட்டியிட்டார். திமுகவுக்கு 184 இடம். காமராஜரின் காங்கிரசுக்கு 15.