மூன்று காலில் மீளும் நாய்: எது அதற்கு உதவுகிறது, எது நமக்கு ஆறுதல் தருகிறது

எங்கள் நாய் மணிக்குப் புற்றுநோய் மணிக்கட்டில்தான் வந்தது. பெயர்ப் பொருத்தத்தைச் சொல்லிச் சிரிக்கும் மனநிலை அப்போது யாருக்கும் இல்லை. வலது முன்னங்காலில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரு வீக்கம். சுளுக்காக இருக்கும் என்று இரண்டு வாரத்தை வீணடித்தோம். எக்ஸ்ரேயில் எலும்பின் ஓரம் செல்லரித்த மரத்துண்டு போலத் தெரிந்தது. ஆஸ்டியோசர்கோமா. நாய்களின் எலும்பில் தொடங்கும் புற்றுநோய்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் இந்த வகைதான். பெரிய உடம்புக்கார நாய்களைத்தான் இது தேடிப் பிடிக்கிறது.

அன்றிலிருந்து வரிசையாக ‘இதுவா, அதுவா’ என்ற கேள்விகள். ஒவ்வொன்றிலும் நாங்கள் எடுத்த முடிவையும், இப்போது யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்பதையும் எழுதுகிறேன். இரண்டும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. என் கையில் ஒரே ஓர் அளவுகோல்தான் இருக்கிறது: இது நாயின் வலியைக் குறைக்கிறதா, என் கலக்கத்தைக் குறைக்கிறதா?

காலை எடுப்பதா, காப்பாற்றுவதா

காலை எடுப்பது, நோயுற்ற எலும்பை மட்டும் வெட்டிவிட்டு உலோகத் தகடோ வேறு எலும்போ வைத்துக் காலைக் காப்பாற்றுவது, கதிர்வீச்சு கொடுப்பது, வலி மாத்திரையோடு மட்டும் நாட்களை ஓட்டுவது என்று நான்கு வழிகள் உண்டு.

காலைக் காப்பாற்றும் அறுவை கேட்க இனிமையாக இருக்கும். பெரும்பாலும் மணிக்கட்டுக்கு மேலுள்ள கட்டிகளுக்குத்தான் அது பொருந்தும். சீழ் பிடிப்பதும் பொருத்திய உலோகம் தளர்வதும் அதில் அடிக்கடி நடக்கும் சங்கடங்கள். இவ்வளவு பாடுபட்டும் நாய் கூடுதல் நாள் வாழ்வதில்லை. கால் மட்டும் மிஞ்சும். மற்ற கால்களில் மோசமான மூட்டுத் தேய்மானமோ நரம்புக் கோளாறோ உள்ள நாய்க்கு இதை யோசிக்கலாம். மற்றபடி இது நம் கண்ணுக்காகச் செய்யும் அறுவை என்றே நினைக்கிறேன்.

கதிர்வீச்சு அப்படியல்ல. சில அமர்வுகளில் பெரும்பாலான நாய்களுக்கு வலி நன்றாகக் குறைகிறது. அந்த நிம்மதி சில மாதங்கள் நிற்கிறது. நோய் ஏற்கெனவே நுரையீரலில் தெரிகிறது என்றால் இது நேர்மையான தேர்வு. ஒரே ஒரு பொறி இருக்கிறது. எலும்பு உள்ளே அரித்துப்போய்த்தான் இருக்கும். வலி போன உற்சாகத்தில் நாய் பாய்ந்து ஓடும்போது அது முறியலாம்.

மாத்திரை மட்டும் என்பது எவ்வளவு நாள் தாங்கும்? எலும்பை அரிக்கும் வலியை மாத்திரை முழுதாக மூடுவதில்லை. சில வாரங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் சில மாதங்கள். காலை எடுத்தால் அந்த வலியின் ஊற்றே போய்விடுகிறது. நாங்கள் எடுத்தோம். ‘இவ்வளவு பெரிய நாய் மூன்று காலில் எப்படி நிற்கும்?’ என்று கேட்காதவர் இல்லை. மணி அந்தக் காலை ஊன்றி ஒரு மாதம் ஆகியிருந்தது. மூன்று காலில் நிற்க அவன் ஏற்கெனவே பழகியிருந்தான்.

செயற்கைக் கால் பற்றியும் எல்லோரும் கேட்பார்கள். முன்னங்கால் என்றால் பெரும்பாலும் தோள்பட்டை எலும்போடு சேர்த்தே எடுக்கிறார்கள். பின்னங்கால் என்றால் இடுப்பு மூட்டிலோ தொடையின் மேல்பகுதியிலோ எடுக்கிறார்கள். அரைகுறையாக விட்ட கட்டை தரையில் இடித்துப் புண்ணாகும் என்பது ஒரு காரணம், கட்டியிலிருந்து தள்ளி வெட்ட வேண்டும் என்பது இன்னொன்று. செயற்கைக் காலை மாட்டக் கீழே நல்ல நீளத்துக்குக் கால் மிஞ்சியிருக்க வேண்டும். எனவே இங்கே அந்தப் போட்டியே இல்லை.

முதல் இரவு: மருத்துவமனையிலா, வீட்டிலா

இதில் நாங்கள் தவறு செய்தோம். ஓர் இரவு வைத்திருக்கலாம் என்றார்கள். கூண்டில் தனியாகக் கிடப்பானே என்று மாலையே தூக்கி வந்தோம். அங்கே ஊசியாக வலி மருந்து ஏறிக்கொண்டிருந்திருக்கும். வீட்டில் என்னிடம் மாத்திரை மட்டும்தான். இரவு முழுவதும் முனகினான், மூச்சிரைத்தான், கண் திறந்தபடி சுவரைப் பார்த்தான். அதில் பாதி வலி. மீதி, மயக்கமும் வலுவான வலி மருந்தும் சேர்ந்து தந்த குழப்பம். எது எவ்வளவு என்று எனக்கு எப்படித் தெரியும்? ஓர் இரவாவது, முடிந்தால் இரண்டு, அங்கேயே இருக்கட்டும் என்பதுதான் இப்போது என் பதில். நம் பாசம் மறுநாள் காலைவரை காத்திருக்கும்.

மூன்றாம் நாள் மார்புக்கு அடியில் நீலம் பாரித்து ஒரு பை போல வீங்கியது. நான் பதறிப்போனேன். கையில் கொடுத்து அனுப்பிய தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அறுவை நடந்த இடத்தின் இரத்தமும் நீரும் கீழ்நோக்கி இறங்கித் தேங்குவது சாதாரணம். மெத்தென்று, சூடில்லாமல் இருந்தால் தானே வற்றும். கொதித்தால், நாறினால், ஒழுகினால் உடனே காட்ட வேண்டும். மலம் கழிக்க மூன்று நான்கு நாள் ஆவதும் அப்படித்தான். வெறும் வயிறும் மருந்தும் சேர்ந்த விளைவு.

வலி மாத்திரையை ‘வலித்தால் கொடுப்போம்’ என்று வைப்பவர்களும் உண்டு, கடிகாரம் பார்த்துக் கொடுப்பவர்களும் உண்டு. முதல் இரண்டு வாரத்துக்குக் கடிகாரம் பார்ப்பதே சரி. நாய் வலியை மறைக்கும் பிராணி; நமக்குத் தெரியும்போது அது முற்றியிருக்கும். மெலோக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற அழற்சி குறைக்கும் மருந்து ஒன்றோடு காபாபென்டினும் சேர்த்து எழுதித் தருகிறார்கள். இரண்டாவது எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஐந்தாம் நாள், தூக்கத்திலிருந்து ‘வீல்’ என்று கத்தி எழுந்து, கால் இருந்த பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். வெட்டுப்பட்ட நரம்பு இல்லாத காலின் வலியைச் சொல்கிறது, அதற்குத்தான் காபாபென்டின். மனிதருக்கான ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைத் தொடவே கூடாது. குடல் புண்ணாகும், சிறுநீரகம் போகும். ஸ்டீராய்டு ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; அழற்சி மருந்தோடு அது சேரக் கூடாது.

புண்ணை நக்காமலிருக்கக் கழுத்துக் கூம்பா, சட்டையா? முன்னங்கால் போன நாய்க்குக் குழந்தைகளின் பருத்திச் சட்டை போதும். தாவும்போது தலை ஒவ்வொரு முறையும் தாழும். கூம்பின் விளிம்பு தரையில் இடித்து நாயைக் கவிழ்க்கும். பின்னங்காலுக்குச் சட்டை நிற்காது, கூம்புதான். தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள், அவ்வளவுதான் கணக்கு.

தரை

மருந்து பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். தரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் வீட்டில் மீட்சியின் பாதி தரைதான்.

வழவழப்பான தரையில் நான்கு கால் நாயே சறுக்கும். மூன்று கால் நாய்க்கு அது பனிக்கட்டி. ஒருமுறை விழுந்தால் உடம்பைவிட நம்பிக்கைக்கு அடி. மணி கூடத்து விரிப்பின் விளிம்பில் வந்து நிற்பான். அப்பால் நான்கடி தூரத்தில் அவனுடைய தண்ணீர்க் கிண்ணம். ஒற்றை முன்பாதத்தை எடுத்துத் தரையில் வைப்பான், விரல்கள் விரியும், நகம் கீச்சென்று வழுக்கும், பின்வாங்கிக்கொள்வான். தோணி வராத ஆற்றங்கரையில் நிற்பவனைப் போல அப்படியே நிற்பான். தாகம் தாங்காமல் குரைத்தானே தவிர, தாண்டவில்லை.

இதற்கு மூன்று மருந்து சொல்கிறார்கள். காலுக்குப் போடும் ரப்பர் உறை முதலாவது. வெளியே கரடுமுரடான பாதைக்கு நல்லது. வீட்டுக்குள் விரல்களால் தரையை உணர முடியாமல் நாய் குழம்புகிறது. மணி இரண்டு நிமிடத்தில் கடித்துக் கழற்றினான். நகத்தில் மாட்டும் ரப்பர் வளையம் இரண்டாவது. நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் நழுவிவிடுகிறது, அடிக்கடி சரிசெய்ய வேண்டும். மூன்றாவது, அடியில் ரப்பர் உள்ள விரிப்புகளை ஒரு பாதையாகப் போடுவது: படுக்கையிலிருந்து கிண்ணத்துக்கு, கிண்ணத்திலிருந்து வாசலுக்கு. வீடு ரயில்வே தண்டவாளம் போலத் தோன்றும், விருந்தினர் சிரிப்பார்கள். ஆனால் விரிப்பு போட்ட அன்றே மணி தண்ணீருக்கு எழுந்து போனான். ஒன்றுக்கு மட்டும் பணம் இருக்கிறது என்றால் இதற்கே செலவழியுங்கள். பாதத்தடியில் வளரும் முடியையும் நகத்தையும் வெட்டிவிடுங்கள். அதற்குச் செலவே இல்லை.

கிண்ணத்தைச் சற்று உயர்த்தி வைத்ததும் உதவியது. முன்னங்கால் ஒன்றே உள்ள நாய் தரைவரை குனிந்தால் முழு எடையும் அந்த ஒரு மணிக்கட்டில்தான் விழும்.

தூக்கிப் பிடிக்கத் துண்டா, உடற்பட்டையா என்பதும் இதோடு சேர்ந்ததே. பின்னங்கால் போன நாய்க்கு வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்துச் சில நாள் தாங்கினால் போதும். முன்னங்கால் போன நாய்க்குத் துண்டு தையலை உரசும், முன்னே நழுவும். முதுகில் கைப்பிடி உள்ள, மெத்தென்ற உடற்பட்டைதான் அதற்கு ஏற்றது. அதையும் தையல் மேல் படாத மாதிரி பார்த்து வாங்க வேண்டும். ஆனால் பிடிப்பவர்தான் சிக்கல். என் மனைவி கைப்பிடியைத் தொட்டும் தொடாமலும் நடப்பாள். நானோ பெட்டி தூக்குவதுபோலத் தூக்குவேன். ஒரு வாரத்தில் மணி அவளோடு நடந்தான், என்னைக் கண்டால் உட்கார்ந்தான். கைப்பிடி விழாமல் பிடிக்கத்தான், சுமக்க அல்ல என்று அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான்.

ஓய்வா, நடையா

பெரும்பாலான நாய்கள் ஓரிரு நாளில் எழுந்து நிற்கின்றன. ஏறக்குறைய ஒரு மாதத்தில் தங்கள் புதிய நடையைக் கண்டுபிடித்துக்கொள்கின்றன. நாயின் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள் சுமக்கின்றன, பின்னங்கால்கள் 40. ஆகவே முன்னங்கால் போன நாய் ஒவ்வோர் எட்டிலும் தாவித் தாவித்தான் போகும், சீக்கிரம் களைக்கும். பின்னங்கால் போன நாய் ஓடும்போது பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ‘பக்கத்து வீட்டு நாய் பத்தே நாளில் ஓடியது’ என்று யாராவது சொன்னால், எந்தக் கால் என்று கேளுங்கள்.

ஒரே நீண்ட நடையைவிட ஐந்து நிமிட நடை நான்கு முறை மேல். தையல் பிரித்துப் புண் ஆறிய பிறகு நீரில் நடக்கும் பயிற்சி கிடைத்தால் அருமை. கிடைக்காவிட்டால் மெத்தை மேல் நிற்க வைத்து இலேசாக இப்படியும் அப்படியும் அசைத்தாலே வயிறும் முதுகும் வலுப்படும். உடல் எடையைக் குறைப்பது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி. ‘பாவம், கால் போயிற்று’ என்று கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு கவளமும் மீதிக் கால்களின் தலையில் விழுகிறது. சக்கர வண்டியை மற்ற கால்களும் தளர்ந்த பிறகு யோசிக்கலாம். நலமான மூன்று கால் நாய்க்கு அது சுமை.

கீமோவா, இத்தோடு போதுமா

கால் போனதோடு நோய் போவதில்லை. கண்டுபிடிக்கும் நாளிலேயே சுமார் 90 சதவீத நாய்களில் கண்ணுக்குத் தெரியாத அளவில் அது நுரையீரல் பக்கம் போய்விட்டிருக்கிறது. எக்ஸ்ரேயில் தெரிவது அதில் சிறு பங்குக்குத்தான். காலை மட்டும் எடுத்தால் இடைநிலை ஆயுள், அதாவது பாதி நாய்கள் தாண்டும் காலம், நான்கைந்து மாதம். கார்போபிளாட்டின் போன்ற கீமோ சேர்த்தால் பத்து முதல் பன்னிரண்டு மாதம். இரண்டு ஆண்டைத் தாண்டுபவை ஐந்தில் ஒன்று அளவில். இரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி உயர்ந்திருந்தாலும், கட்டி தோள் அருகே மேற்கை எலும்பில் இருந்தாலும் கணக்கு இன்னும் குறுகும்.

நாய்க்குக் கீமோ என்றதும் மனிதர் படும் பாடு நினைவுக்கு வருகிறது. இங்கே அளவு குறைவு, நோக்கம் வேறு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கு முதல் ஆறு முறை. பெரும்பாலான நாய்களுக்கு முடி கொட்டுவதில்லை. இடைவிடாமல் முடி வளரும் இனங்கள் விதிவிலக்கு. டாக்சோரூபிசின் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் இதயத்தைப் பாதிக்கும். கார்போபிளாட்டினில் கவனிக்க வேண்டியது வெள்ளை அணுக்கள். மணிக்கு இரண்டாம் ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மற்ற மூன்று முறை மறுநாளே பந்து கேட்டான். நான்கோடு முடித்துக்கொண்டோம். ஊசிக்குப் போகும் வண்டியிலேயே நடுங்கும் நாயாக இருந்திருந்தால் நான் ஒன்றுகூடப் போட்டிருக்க மாட்டேன். பணம் இல்லாமல் வேண்டாம் என்பவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். வலியில்லாத நான்கு மாதம் ஒரு நாய்க்குச் சின்னக் காலம் அல்ல.

கடைசியாக ஒரு கேள்வி: இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டே இருப்பதா, விட்டுவிடுவதா? ஒரு புள்ளி தெரிந்தால் அடுத்து ஏதாவது செய்வேன் என்பவர் எடுக்கத்தான் வேண்டும். நாங்கள் இனி எதுவும் செய்யப்போவதில்லை என்று பேசி முடித்திருந்தோம். அப்படியிருந்தும் இரண்டு முறை எடுத்தோம், அது எங்களுக்காக. மூன்றாவதை எடுக்கவில்லை. அதற்குப் பதில், அவன் அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணி நாள்காட்டியில் எழுதுகிறேன். தூக்கத்தில் நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நேற்றிரவு இருபத்திரண்டு.