மாத்திரை வாங்கப் போன இடத்தில் கிடைத்த ஆலோசனை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு அரசு கிளினிக்கில் மூன்று வருடமாக எச்.ஐ.வி. மாத்திரை வாங்குகிறேன். காத்திருப்பு கொடுமை. காலை ஆறரைக்குப் போனால்கூடப் பதினோரு மணி ஆகிவிடும், ஆலோசனை அறைக் கதவு வேறு சரியாகச் சாத்தாது, உள்ளே பேசுவது வெளி பெஞ்சுக்குக் கேட்கும்.

ஆனால் உள்ளே இருக்கும் நர்ஸ் அக்காவுக்காகவே போகலாம். பாட்டியிடம் கற்ற தமிழோடு இங்கிலீஷ் கலந்து, "தம்பி, எண்ணெய் ஏதாவது தடவுறீங்களா?" என்று நேராகக் கேட்டார். தேங்காய் எண்ணெய் என்றேன். (காது சூடாகிவிட்டது.) உடனே ஒரு ஆணுறையை ஊதிக் கட்டி மேலே எண்ணெயைத் தேய்த்தார், கொஞ்ச நேரத்தில் பட்டென்று வெடித்தது. எண்ணெயும் வாசலினும் ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பரை இற்றுப்போகச் செய்யுமாம், தண்ணீரில் செய்த ஜெல்தான் சரி. இத்தனை நாள் ஆணுறை ஏன் கிழிகிறது என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

அப்புறம் வைரல் லோடு, அதாவது ஒரு மில்லி ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்ற கணக்கு. தினமும் மாத்திரை போட்டு அது 200-க்குக் கீழேயே இருந்தால் உடலுறவில் மனைவிக்குத் தொற்றாது என்றார். கேட்டதும் அழுகை வந்துவிட்டது. ஆனால் சிபிலிஸ், கொனோரியா மாதிரி பால்வினை நோய்களை அந்த மாத்திரை தடுக்காது, அதற்கு ஆணுறைதான் என்று சேர்த்தே சொன்னார். கிளம்பும்போது இலவச ஆணுறை இரண்டு பிடி அள்ளி என் பையில் போட்டார்.

ஐந்துக்கு நான்கு. ஒன்று குறைத்தது அந்தக் கதவுக்காக.