நார்த் யார்க் மூர்ஸில் ஒரு வாடகை விடுமுறை வீடு: பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் தங்கிய அனுபவம்

இங்கிலாந்தின் நார்த் யார்க் மூர்ஸ் தேசியப் பூங்காவுக்குள், ரோஸ்டேல் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பழைய கல் வீட்டைச் சில ஆண்டுகளாக வெவ்வேறு பருவங்களில் வாடகைக்கு எடுத்துத் தங்கி வருகிறோம். சிறு பிள்ளைகளும் முழங்கால் வலியுள்ள என் மாமியாரும் உடன் வருவதால், அவர்களுடைய வசதியை வைத்தே வீட்டை மதிப்பிடுகிறேன்.

விளம்பரங்கள் தொட்டிலையும் குழந்தை நாற்காலியையும் பெரிதாகக் காட்டுகின்றன. மூர் எனப்படும் இந்தப் புதர் மேட்டுநிலத்தில் அவற்றைவிட முக்கியமானது பின்வாசலை ஒட்டிய கல்தரை அறைதான். இங்குள்ள கரிமண் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், கோடையிலும் பல பாதைகளில் சேறு இருக்கும். கரிய சேறு படிந்த பூட்ஸை அங்கேயே கழற்றி, தாழ்வான தொட்டியில் பிள்ளைகளின் காலைக் கழுவி, ஈர ஜாக்கெட்டுகளை ரேடியேட்டருக்கு மேலுள்ள கம்பியில் மாட்டிவிட்டால் காலைக்குள் காய்ந்துவிடுகின்றன. இந்த அறை இல்லாத வீட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், பிள்ளைகளுள்ள குடும்பத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தோட்டத்தைச் சுற்றிலும் கல்மதிலும் தாழ்ப்பாளுள்ள வாயிற்கதவும் இருப்பது அடுத்த நிம்மதி. வெளியே ஆடுகள் வேலியில்லாத சாலைகளில் தாராளமாகத் திரிகின்றன. தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை இருப்பதால் மாமியார் செங்குத்தான மாடிப்படியில் ஏற வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. எண்ணெயில் இயங்கும் வெப்பமூட்டி, தடித்த கல்சுவர்களைச் சூடாக்க ஏப்ரலில்கூட மாலை வரை எடுத்துக்கொள்கிறது. வந்து சேரும் நாளன்று காலையிலேயே அதைப் போட்டு வைக்கும்படி உரிமையாளரிடம் சொல்லிவிடுவது நல்லது. அடுத்தடுத்து இருவர் குளித்தால் வெந்நீர் தீர்ந்துவிடும். கழிவுநீர் செப்டிக் டேங்குக்குப் போவதால் குழந்தைகளைத் துடைக்கும் ஈரத் தாள்களை (வெட் வைப்ஸ்) கழிப்பறையில் போடவே கூடாது. கைப்பேசிக்குச் சிக்னலும் சரியாகக் கிடைப்பதில்லை.

ஆகஸ்ட் இறுதியில் ஹெதர் செடிகள் பூத்து மேடு முழுவதும் ஊதா நிறமாகிவிடும். அப்போது வாடகையும் அதிகம், வீடு கிடைப்பதும் அரிது. மழை நாட்களில் பிக்கரிங் என்ற ஊரிலிருந்து கிளம்பும் நீராவி ரயில் பிள்ளைகளுக்குப் போதும். 2020இல் இப்பகுதி சர்வதேச இருள்வானக் காப்பகமாக, அதாவது செயற்கை வெளிச்சத்திலிருந்து இரவு வானம் காக்கப்படும் இடமாக, அறிவிக்கப்பட்டது என்பதால் எங்கள் பிள்ளைகளுக்குப் பிப்ரவரி விடுமுறைதான் மிகவும் பிடித்தது: சீக்கிரமே இருட்டிவிடுவதால், மேகமில்லாத நாளில் அவர்கள் தூங்கப் போகுமுன் தோட்டத்திலிருந்தே நட்சத்திரங்களைப் பார்க்க முடிகிறது. கோடையில் புதர்களுக்குள் நடந்து வந்தால், லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று அன்றிரவே முழங்கால் மடிப்பையும் காதோரத்தையும் பார்த்துவிட வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக, மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்த மேட்டுநிலத்தில் நாயைக் கயிற்றில்தான் அழைத்துச் செல்ல வேண்டும்.

வரும் வழியிலும் கவனம் தேவை. வழிகாட்டிச் செயலி சில வேளைகளில் ஹட்டன்-லெ-ஹோல் பக்கமாகத் திருப்பிவிடும். அந்த வழியில் உள்ள சிம்னி பேங்க் இறக்கம் மூன்றுக்கு ஒன்று (மூன்றடி முன்னே போனால் ஓரடி இறங்கும்) என்ற அளவில் செங்குத்தானது. மூட்டை முடிச்சுகளோடு வருபவர்கள், குறிப்பாகப் பனிக்காலத்தில், ரெல்டன், கிராப்டன் வழியாக வரும் சாலையைப் பிடிப்பதே பாதுகாப்பு.