ஐசியு வாசலில தமிழ் கதைச்சுக்கொண்டு வந்த "அண்ணை" – வன்னிச் சனம் ஒருக்கா வாசியுங்கோ

வன்னியில இருந்து கொழும்புப் பக்கம் ஆஸ்பத்திரி அலுவலாப் போற ஆக்கள் இதை வாசிச்சுப்போட்டுப் போங்கோ. நீளம்தான், எனக்குச் சுருக்கி எழுதத் தெரியாது, நான் தையல் கடை வைச்சிருக்கிறன். ஆஸ்பத்திரியில உதவி செய்யிறன் எண்டு வந்த ஒருத்தரிட்ட ஏமாந்து ரெண்டு லட்சத்துக்குக் கிட்டப் போட்டுது எங்களுக்கு. காசவிட மோசமா இன்னும் ரெண்டு விசயம் நடந்தது, அதுக்காகத்தான் இதை எழுதுறன்.

எங்கட இடம் புதுக்குடியிருப்பு. தம்பிக்கு 36 வயசு, ரெண்டு பிள்ளையள். கண் மஞ்சளாக வரேக்க செங்கமாரி எண்டு நினைச்சுக் கீழ்காய்நெல்லி அரைச்சுக் குடுத்து, பத்தியம் காத்து, ரெண்டு கிழமையை வீணாக்கினது நாங்கள்தான், அதை ஒளிக்கேல்ல. பேந்து கால் வீங்கி, வயிறு ஊதி, ஒரு நாள் ராத்திரி தன்ர மனுசியைப் பாத்து "ரீச்சர்" எண்டு கூப்பிட்டான். 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சு மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம், அங்க இருந்து யாழ்ப்பாணம், அங்க இருந்து கொழும்புப் பக்கம் ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி. முறிகண்டிப் பிள்ளையாரடியில ஒரு நிமிசம் நிப்பாட்டுங்கோ எண்டு அம்புலன்ஸ் டிரைவரைக் கேட்டன், நிப்பாட்டேல்ல, ஓட்டத்திலயே கும்பிட்டுக்கொண்டு போனது.

ஈரல் சுருங்கிப்போச்சாம், இனி மாத்திறதுதான் வழியாம். "தம்பி குடிக்கிறவரோ" எண்டு கேக்காத ஆள் இல்ல. இல்லை, அவன் குடிக்கிறவன் இல்ல. சீனி வருத்தம் இருந்தது, ஈரலில கொழுப்புப் படிஞ்சும் இப்பிடி வருமாம், அது கனபேருக்குத் தெரியாது. எல்லாருக்கும் இதை விளங்கப்படுத்தியே எனக்கு வாய் நொந்துபோச்சு.

ஐசியுவில ஒரு நாளைக்குப் பத்து நிமிசம்தான் விடுவினம், அதுவும் ஒராள். கவுனைப் போட்டு, மாஸ்க் கட்டிக்கொண்டு போவன். டொக்டர் கையை நீட்டச் சொல்லுவார், நீட்டின கை ரெண்டும் கோழி செட்டை அடிக்கிற மாதிரி டக்கு டக்கெண்டு விழும். ஈரல் கழிக்கவேண்டிய நஞ்சு மூளைக்கு ஏறினா அப்பிடித்தானாம். மிஸ்ஸி (நேர்ஸ்) ஒவ்வொரு நாளும் ஒரு கடதாசியில பேர் எழுதச் சொல்லிக் குடுக்கிறவ. முதல் நாள் முழுப்பேரும் எழுதினான், ரெண்டாம் நாள் முதல் எழுத்து மட்டும் வந்தது, மிச்சம் நூல் சிக்கின மாதிரி ஒரு கோடு, மூண்டாம் நாள் பேனையை வாயில வைக்கப் பாத்தான். ரெண்டாம் நாள் கடதாசியை மடிச்சு என்ர பேர்ஸுக்க வைச்சிருக்கிறன்.

எங்களுக்குச் சிங்களம் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு சொல்லு, "சல்லி" எண்டா காசு, "அக்மாவ" எண்டா ஈரல், அந்த ரெண்டாவதும் அங்க போய்ப் பழகினது. டொக்டர் வெளியில வந்து நாலு நிமிசம் கதைச்சிட்டுப் போனாரெண்டா நானும் மச்சாளும் ஒராளை ஒராள் பாத்துக்கொண்டு நிப்பம். தமிழ் தெரிஞ்ச டொக்டர் ஒராள் இருந்தவர், ஆனா அவர் எப்ப டியூட்டி எண்டு எங்களுக்குத் தெரியாது.

அப்பதான் நான் மேல சொன்ன அந்த "அண்ணை", உவர் வந்தவர். ஐம்பது வயசுக்குக் கிட்ட இருக்கும், வெள்ளைச் சேட்டு, கழுத்தில நாடா, நாடாவில இருக்கிற காட் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள, கையில கண்ணாடி மாதிரிப் பிளாஸ்ரிக் பைல். "ஊர் எது தங்கச்சி" எண்டார். சொன்னன். "புதுக்குடியிருப்போ! நான் சின்னனில வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வந்தனான் எல்லோ" எண்டார். அம்மாளாச்சியே ஆளை அனுப்பினது எண்டு மச்சாள் அழுதே போட்டா. ரெண்டு நாள் ஒரு சதமும் வாங்கேல்ல. பிளேன்ரீ வாங்கித் தந்தவர், மச்சாள் படுக்க ஒரு பாய் எடுத்துத் தந்தவர், டொக்டர் சொல்லுறதைத் தமிழில சொன்னவர். அந்த ரெண்டு நாளும் உள்ளதைத்தான் சொன்னவர் எண்டு நினைக்கிறன். தூண்டில் போடேக்க முதல் புழுவைத்தானே போடுறது.

மூண்டாம் நாள், ரத்தம் வெளி லாப்புக்கு அனுப்பவேணும், 18,500 எண்டார். குடுத்தம். ரிசீட் கேட்டன், "பின்னேரம் தாறன் தங்கச்சி". இஞ்ச ஒண்டு சொல்லவேணும், அரசாங்க ஆஸ்பத்திரியில வைத்தியம் காசில்லாட்டியும், சில ரெஸ்டுகளை வெளியில செய்யச் சொல்லுறது நடக்கிற விசயம்தான், அதாலதான் எங்களுக்குச் சந்தேகம் வரேல்ல. ஆனா உண்மையில சொன்னா ஒரு துண்டு எழுதித் தருவினம், நீங்களே லாப் கவுண்டரில காசைக் கட்டி பில் எடுப்பியள். இடையில ஒருத்தர்ர கையில காசு போகாது.

இதுக்கிடையில நான் என்ர ஈரலில ஒரு துண்டைக் குடுக்கிறன் எண்டு நிண்டனான். உயிரோட இருக்கிற ஆள் பாதி ஈரல் குடுக்கலாம், வெட்டினது பேந்து வளரும். ரத்தக் குறூப் பொருந்திச்சுது. ஸ்கான் எடுத்தா என்ர ஈரலிலயும் கொழுப்பு, சரிவராதெண்டு போட்டினம். பதினெட்டு வருசம் மெசினுக்கு முன்னால குந்தியிருந்து தைச்சதுக்குக் கிடைச்ச பரிசு. அண்டைக்குப் படியில இருந்து அழ, உவர் பக்கத்தில வந்து குந்தி மெல்லமாச் சொன்னார், ஈரல் மாத்த இருக்கிற ஆக்கள்ர லிஸ்டில தம்பி ஒன்பதாவது ஆளாம், பைலை மேல எடுக்க 60,000 வேணுமாம், லிஸ்டை நம்பி இருக்கிறதவிட கடன்பட்ட பெடியன் ஒருத்தன் இருக்கிறானாம், ஈரல் தருவானாம், எல்லாமா பன்னிரண்டு லட்சம், முதல்ல மூண்டு எண்டு.

பிழையெண்டு தெரியாமக் குடுத்தன் எண்டு பொய் சொல்லமாட்டன். ஒருத்தன்ர வயித்தை வெட்டி வாங்கிறம் எண்டு தெரிஞ்சுதான் ஓம் எண்டனான். மச்சாள்ர தாலிக்கொடி அடகுக்குப் போச்சு, நான் ஓவர்லொக் மெசின் வாங்க எண்டு சேத்த சீட்டுக்காசும் போச்சு. பைலுக்கு 60,000, பெடியனுக்கு அட்வான்ஸ் எண்டு 1,10,000, முதல் குடுத்த 18,500, கூட்டினா 1,88,500. ஒண்டுக்கும் துண்டு இல்ல. வைத்தியத்துக்குக் காசுதவி தாற ஜனாதிபதி நிதியத்துக்குப் போம் நிரப்பித் தாறன் எண்டு அதுக்கு வேற 5,000 கேட்டவர், நல்லகாலம் அப்ப கையில இருக்கேல்ல. (2025 மாசியில இருந்து அதுக்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்ல, உங்கட பிரதேச செயலகத்திலயே குடுக்கலாம், ஒருத்தருக்கும் காசு குடுக்கத் தேவையில்ல.)

எப்பிடிப் பிடிபட்டது எண்டா, அந்த "சல்லி"யாலதான். ஒரு வியாழக்கிழமை டொக்டர் வெளியில வந்து கனநேரம் கதைச்சவர், முகமும் நல்லா இல்ல. உவர் எங்களுக்குத் திருப்பிச் சொன்னார், மிச்சக் காசு வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டினாத்தான் ஒப்பரேசனுக்குத் திகதி போடுவினமாம் எண்டு. நான் சரி எண்டிட்டன். வாங்கில திரும்பி வந்து குந்தேக்கதான் எனக்குள்ள ஏதோ இடிச்சுது, அவ்வளவு நேரம் கதைச்ச டொக்டர் வாயில அக்மாவ எத்தினையோ தரம் வந்தது, சல்லி ஒருக்காலும் வரேல்லயே.

அந்த வாங்கில எங்களோட மதவாச்சிப் பக்கத்து அம்மா ஒராளும் இருந்தவ, புருசனுக்குக் கிட்னி. வவுனியாச் சந்தைக்கு மரக்கறி கொண்டு வந்து வித்த மனுசி, அரைகுறைத் தமிழ் வரும். கொஞ்ச நாளா எங்களையே பாத்துக்கொண்டிருந்திருக்கிறா. உவர் அங்கால போனதும் என்ர கையைப் பிடிச்சு, "நங்கி (தங்கச்சி), ஏன் சல்லி? டொக்டர் சல்லி சொல்ல இல்ல" எண்டா. பேந்து மெல்ல மெல்ல, கையையும் காட்டி, தெரிஞ்ச தமிழில சொன்னா. டொக்டர் சொன்னது என்னெண்டா, தம்பிக்குக் கிருமி பிடிச்சிருக்கு, காய்ச்சல் மாறி அது அடங்காமல் ஒப்பரேசன் செய்யவே ஏலாது, அதுக்கிடையில சொந்தத்துக்குள்ள குறூப் பொருந்துற வேற ஆளைக் கூப்பிடுங்கோ எண்டு நான் முதலே சொன்னனான், ஏன் இன்னும் ஒருத்தரும் வரேல்ல?

முதலே சொன்னவராம். ஆறு நாளுக்கு முதல். உவர் அதை எங்களுக்குச் சொல்லவே இல்ல, சொன்னா தன்ர "பெடியனை" விக்கேலாதே. காசு போனது போகட்டும், அந்த ஆறு நாளை நினைச்சாத்தான் எனக்கு இப்பவும் வயிறு பத்தும். ஊரில சித்தப்பான்ர பெடியன் 28 வயசு, கேட்டிருந்தா அண்டைக்கே பஸ் ஏறியிருப்பான். நாங்கள் கேக்கவே இல்ல. கேக்கத் தேவையில்ல, காசுக்கு ஆள் இருக்கு எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனாங்கள்.

அடுத்த நாள் காலமை அந்தத் தமிழ் டொக்டரைத் தேடிப் பிடிச்சுக் கேட்டம். வலு வடிவா விளங்கப்படுத்தினவர். ஒன்பதாவது ஆள், பத்தாவது ஆள் எண்டு கியூ மாதிரி ஒண்டும் இல்லயாம். மூளைச்சாவு அடைஞ்ச ஒராள்ர வீட்டுக்காரர் ஓம் எண்டா, குறூப் பாத்து, ஈரல்ர அளவு பாத்து, ஆருக்கு வருத்தம் கடுமை எண்டு பாத்துத்தான் குடுக்கிறது, அந்தக் கடுமையும் ரத்தத்தில பிலிருபின், கிரியேட்டினின், ஐஎன்ஆர் எண்டுற கணக்குகளில இருந்து வாறது, பைலை மேல வைச்சுக் கீழ வைச்சு ஒண்டும் நடக்காது. உறுப்பைக் காசுக்கு விக்கிறதும் வாங்கிறதும் 1987ஆம் ஆண்டு 48ஆம் இலக்கச் சட்டத்தில குற்றம், வாங்கிற நீங்களும் மாட்டுவியள் எண்டு முகத்துக்கு நேர சொன்னவர். ஏச்சுத்தான், ஆனா அந்த ஏச்சை முதல் நாளே ஆராவது ஏசியிருந்தா எவ்வளவு நல்லாருந்திருக்கும். ரத்தமும் அப்பிடித்தான், இஞ்ச 2014இல இருந்து முழுக்க முழுக்கச் சும்மா குடுக்கிற ஆக்கள்ர ரத்தம்தான், ஒரு பைன்ற் இவ்வளவு எண்டு ஆரும் கேட்டா அந்த இடத்திலயே சத்தம் போடுங்கோ. ரத்தக் குறூப்பில பிளஸ் மைனஸ் ஈரல் குடுக்கப் பாக்கிறேல்லயாம், ஏ, பி, ஓ பொருந்தினாப் போதும். எங்கட மச்சான் ஒருத்தர் தான் மைனஸ் எண்டு சும்மா இருந்தவர், இப்பிடி எத்தினை பேரோ.

அண்டைக்கே உவர்ர போன் ஓவ். பிறகு ஆளைக் காணேல்ல. செக்கியூரிட்டியிட்ட கேட்டா அப்பிடி ஒருத்தர் இஞ்ச வேலையே செய்யேல்லயாம், நாடாவில இருந்த காட்டை ஒருத்தரும் பாத்ததில்ல, நாங்களும் ஒருக்காலும் வெளியில எடுத்துக் காட்டச் சொல்லிக் கேக்கேல்ல. ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கிற பொலிஸில முறைப்பாடு குடுத்தம். சிங்களத்தில எழுதிப்போட்டு கையெழுத்து வை எண்டினம், இந்த முறை நான் வைக்கேல்ல, தமிழில வாசிச்சுக் காட்டினாப் பிறகுதான் வைப்பன் எண்டு ரெண்டு மணித்தியாலம் நிண்டனான். கடைசியில ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து வாசிச்சுக் காட்டினவை. அதில நான் சொன்ன தொகை 18,500 மட்டும்தான் எழுதியிருந்தது. திருத்தி எழுதினது.

ரெண்டாவது விசயம் இனித்தான். தொடக்கத்தில "பைலுக்கு வேணும்" எண்டு தம்பின்ர படம் ஒண்டு கேட்டு வாங்கினவர், யாழ்ப்பாணத்தில மூக்கில குழாயோட எடுத்த படம், நான்தான் வைபரில அனுப்பினனான். முறைப்பாடு குடுத்து நாலு நாளால கனடாவில இருந்து சித்தி வாய்ஸ் போட்டா, "பிள்ளை, என்னடி இது, கொம்மா செத்துப்போனாவோ" எண்டு அழுது அழுது. அங்க வாட்ஸ்அப் குறூப் ஒண்டில தம்பின்ர படம், கீழ "போரில தாய் தேப்பனைப் பறிகுடுத்த பிள்ளை, உதவுங்கோ உறவுகளே" எண்டு எழுதி ஒரு பாங்க் எக்கவுண்ட் நம்பர், பேர் எங்களுக்குத் தெரியாத பேர். அப்பா போனது உண்மை. அம்மா வீட்டில இருந்து ஆட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டிருக்கிறா. சண்டைக்குள்ளால அந்தப் பிள்ளையை இடுப்பில வைச்சுக்கொண்டு வந்த மனுசியை இவங்கள் நாலு வரியில சாக்காட்டிப் போட்டாங்கள். அம்மாக்கு இன்னும் நாங்கள் இதைச் சொல்லேல்ல, ஆரும் ஊர் ஆக்கள் வாசிச்சா தயவுசெய்து சொல்லிப்போடாதேங்கோ.

போறவைக்கு நான் சொல்லுறது, முதல் வேலையா தமிழ் தெரிஞ்ச டொக்டரோ மிஸ்ஸியோ எந்த நேரம் டியூட்டி எண்டு வார்ட்டில கேட்டு எழுதி வையுங்கோ. டொக்டர் கதைக்கேக்க, கேட்டுப்போட்டு, போனில ரெக்கோட் பண்ணி ஊரில சிங்களம் தெரிஞ்ச ஆளுக்கு அனுப்புங்கோ, எங்கட கடைக்கு முன்னால ஓட்டோ ஓடுற தம்பி சிங்களம் தண்ணிபட்ட பாடு, அவனிட்டக் கேட்டிருந்தாலே முடிஞ்சிருக்கும், எனக்கு அந்த நேரம் அது மண்டையில வரேல்ல. நோயாளின்ர படம் ஒருத்தருக்கும் அனுப்பாதேங்கோ, பைலுக்குப் படம் கேக்கமாட்டினம்.

தம்பிக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கு, ஆனா இன்னும் ஐசியுவிலதான். சித்தப்பான்ர பெடியன் வந்திட்டான், குறூப் சரி, ஈரல்ர அளவு பாக்கிற சிற்றி ஸ்கான் வாற செவ்வாய்க்கிழமை. மதவாச்சி அம்மா இண்டைக்கும் வாங்கில எங்களுக்கு இடம் பிடிச்சு வைச்சிருந்தவ.

நீலச் சறம் போர்த்து, மூக்கில குழாயோட, இடது புருவத்தில தழும்பு உள்ள ஒரு ஆள்ர படத்தோட ஆரும் காசு கேட்டா, அது நாங்கள் கேக்கிறேல்ல. நாங்கள் ஒரு எக்கவுண்ட் நம்பரும் வெளியில குடுக்கேல்ல. கண்டா அந்தக் குறூப்பிலயே இதைப் போடுங்கோ.