விமானம் முன்கூட்டியே கிளம்பியது, தகவல் முகவரின் கைப்பேசிக்குப் போனது: வடசென்னைப் பயணிகளுக்கு ஓர் எச்சரிக்கை

கோயம்புத்தூரில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் செல்ல வேண்டியிருந்த எனக்கும் என் மனைவிக்கும், தண்டையார்பேட்டையில் உள்ள ஒரு பயணச்சீட்டு முகவர் செய்த வேலையை இங்கே விவரமாகப் பதிவு செய்கிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. வேறு கடைகளிலும் இதே வழியைக் கையாள முடியும் என்பதால், ஏமாற்று நடந்த முறையைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் கேட்டுப் போனது சேரன் எக்ஸ்பிரஸில் இரண்டடுக்கு ஏசி. இரவு சென்ட்ரலில் ஏறிப் படுத்தால் விடியும் நேரத்தில் கோவையில் இறங்கிவிடலாம். காத்திருப்போர் பட்டியல்தான் கிடைக்கும், தத்காலையும் நம்ப முடியாது என்று சொன்ன முகவர், "பிளைட்ல போயிடுங்க சார், கூட எவ்வளவு ஆயிடப் போகுது?" என்று பேச்சைத் திருப்பினார். தத்கால் முன்பதிவு தொடங்கிய முதல் அரை மணி நேரத்தில் முகவர்கள் சீட்டு எடுக்கக் கூடாது என்ற விதி 2025 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது என்பதும், நம்முடைய ஆதாரை இணைத்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் நாமே அதை எடுக்கலாம் என்பதும் அவர் வாயிலிருந்து வரவில்லை. ரயில் சீட்டில் அவருக்குக் கிடைப்பது சொற்பம். விமானச் சீட்டில் எவ்வளவு வைத்து விற்கிறார் என்பது நமக்குத் தெரியாது. இரண்டடுக்கு ஏசியில் ஆளுக்கு 50 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுபோகலாம், உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோவும் கையில் 7 கிலோவும்தான் என்ற வேறுபாட்டையும், சீர்ச் சாமான்களோடு போகிற எங்களிடம் அவர் சொல்லவில்லை.

விமானம் காலை 7.50-க்கு என்றார். திருவொற்றியூர் தேரடியில் ஐந்து மணியை ஒட்டி வரும் முதல் மெட்ரோவில் ஏறினால் ஆறு மணி சுமாருக்கு விமான நிலையம் போய்விடலாம் என்று அவர் போட்ட கணக்கு, அந்த நேரத்துக்குச் சரியான கணக்குதான். எங்கள் கைப்பேசி எண்ணையும் வாங்கித் தம் நோட்டில் எழுதிக்கொண்டார். ஆனால் விமான நிறுவனத்தின் முன்பதிவில் அவர் கொடுத்தது தம்முடைய எண், தம்முடைய மின்னஞ்சல். எங்களிடம் தந்த தாளில் பெயர், பி.என்.ஆர்., நேரம் ஆகியவை மட்டும் இருந்தன. கட்டணம் எப்படிப் பிரிகிறது என்ற விவரம் அதில் இல்லை. வெப் செக்-இன் செய்து அனுப்புவதாகச் சொன்னவர், முதல் நாள் மாலை கேட்டபோது, கவுன்ட்டரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டார்.

விமான நிலையத்துக்குள் போய்ப் பெட்டியோடு வரிசையில் நின்று கவுன்ட்டரை அடைந்தபோது அது எங்கள் விமானத்துக்கு மூடப்பட்டுவிட்டது. புறப்படும் நேரத்தை 7.05 என்று சில நாட்களுக்கு முன்பே மாற்றியிருந்தார்கள். உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். அதாவது, நாங்கள் மெட்ரோவிலிருந்து இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த நேரத்திலேயே எல்லாம் முடிந்துபோயிருந்தது. நேர மாற்றத்தைப் பதிவான எண்ணுக்கு அனுப்பிவிட்டோம் என்று அங்கிருந்த பெண் திரையைக் காட்டினார். அதில் இருந்தது முகவரின் எண். தொடர்பு விவரத்தைச் சரியாகக் கொடுக்காத பயணிக்கு இழப்பீடு கிடையாது என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியே சொல்வதால், அங்கே வாதாடுவதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. மறுபடியும் மெட்ரோ பிடித்து சென்ட்ரலுக்கு வந்து, மதியம் கிளம்பும் வந்தே பாரத்தில் கிடைத்த இரண்டு இருக்கைகளில் ஏறி, வரவேற்பு முடிகிற நேரத்தில் மண்டபத்துக்குள் நுழைந்தோம். முகூர்த்தம் மறுநாள் என்பதால் தப்பித்தோம்.

ஆகவே, முகவர் மூலம் விமானச் சீட்டு எடுப்பவர்கள் பணத்தை நீட்டுவதற்கு முன்பே உங்கள் எண்ணும் மின்னஞ்சலும்தான் முன்பதிவில் போக வேண்டும் என்று சொல்லுங்கள். சீட்டு கைக்கு வந்ததும் விமான நிறுவனத்தின் தளத்தில் பி.என்.ஆரைப் போட்டு நேரத்தையும் எண்ணையும் சரிபாருங்கள், பயணத்துக்கு முதல் நாள் மறுபடியும் பாருங்கள். முதல் மெட்ரோவே ஐந்து மணிக்குத்தான் என்பதால், ஏழே கால் மணிக்கு முன்னால் கிளம்பும் விமானத்தை நம் பக்கத்து மக்கள் மெட்ரோவை நம்பி எடுக்கவே கூடாது. பெட்டி இருந்தால் எட்டு மணிக்குப் பின்னால் கிளம்புவதைப் பாருங்கள். வாடகைக் கார் என்றால் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்க வேண்டும். ரயிலுக்கு இந்தப் பாடு இல்லை. அரை மணி நேரம் முன்னதாக சென்ட்ரலில் இருந்தால் போதும். ஆனால் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் வருகிறவர்கள், பேசின் பிரிட்ஜ் அருகே சிக்னலுக்காக நிற்கும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். வந்தே பாரத்தின் கதவுகள் தானாக மூடிக்கொள்ளும், ஓடிவந்து தொற்றிக்கொள்ள முடியாது.

பணத்தைப் பற்றிக் கேட்டபோது, "நோ ஷோ சார், ஒரு பைசா வராது" என்றார் முகவர். அது பொய். பயணி போகாவிட்டாலும், திருப்பித் தரப்படாத சலுகைச் சீட்டாகவே இருந்தாலும், வரிகளையும் விமான நிலையப் பயனாளர் கட்டணத்தையும் விமான நிறுவனம் திருப்பித் தர வேண்டும். முகவர் வழியாக வாங்கிய சீட்டுக்கும் அந்த நிறுவனமே பொறுப்பு. நான் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டதில், அந்தத் தொகை முகவரின் கணக்குக்கு ஏற்கெனவே போய்விட்டதாகப் பதில் வந்தது. சீட்டின் உண்மையான விலையும் அப்போதுதான் தெரிந்தது. எங்களிடம் அவர் வாங்கியது அதைவிடக் கணிசமாக அதிகம். அந்தப் பதிலைக் காட்டிய பிறகு வரித் தொகையை மட்டும் ரொக்கமாகத் தந்தார். கூடுதலாக வாங்கிய தொகைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். விமான நிறுவனத்தின் மீதே குறை இருந்தால் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் புகார்த் தளமான ஏர்சேவாவில் பதியலாம். அடிப்படைக் கட்டணம் எங்களுக்குத் திரும்பி வராது.